இஸ்திரி அக்காவும் எங்கள் வேகத்தடையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்குக் காரியத்தைக் கெடுத்தவன் நான்தான். கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. எங்கள் அரசுக் குடியிருப்பின் பன்னிரண்டு பிளாக்குக்கும் நான்தான் சங்கச் செயலாளர். வயிற்றுப்பாட்டுக்கு வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். ஆனால் இது என் கதை இல்லை, இஸ்திரி அக்காவின் கதை.

அக்கா என்றதும் வயதில் மூத்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட ஆறு வயது இளையவள். இருந்தாலும் எழுபது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் முன்னால் போய் நின்றால் யாருக்கும் ஏதோ தப்பு செய்துவிட்டு வந்த தம்பி மாதிரி ஒரு நினைப்பு வரும். எட்டாம் பிளாக் மாடிப்படிக்குக் கீழே அவளுடைய மேஜை. பழைய கம்பளி, அதன்மேல் வெள்ளைத் துணி, ஒரு இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு பாட்டில். ஒரு சட்டைக்கு இரண்டரை நிமிஷம். காலர், தோள், கை, முதுகு, கடைசியில் பொத்தான் வரிசை. சட்டை முடிவதற்குள் சட்டைக்காரனின் ஜாதகத்தையும் சொல்லி முடித்துவிடுவாள். "இவன் மூணு நாளா ஒரே சட்டையைக் கொண்டு வர்றான். எங்கேயோ வேலைக்கு நேர்காணல் நடக்குது. கிடைச்சா நமக்குச் சொல்ல மாட்டான், பாருங்க."

மேஜைக்கு எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் விளையாட்டுத் திடல். சாலை என்னவோ முப்பது அடி அகலம்தான். நகரத்தின் பெரிய சாலையில் நெரிசல் என்றால் வெளியாட்கள் எல்லாம் குறுக்கு வழியாக இதில்தான் பறப்பார்கள். நாங்கள் மட்டும் யோக்கியமா? நம்ம வீட்டு வாசல்தானே என்று அவர்களைவிட வேகமாகப் போவோம்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு மாலை, ஐந்தரை மணி. அக்காவின் மகள், எட்டு வயது, திடலுக்குப் போகச் சாலையில் இறங்கினாள். ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பதினோரு வாரம் மாவுக்கட்டு. போலீஸில் புகார் எழுதினோம். இடித்தது யார் என்று தெரியவே இல்லை.

கட்டைப் பிரித்த அன்று அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "இந்த ரோட்டுல வேகத்தடை வர்ற வரைக்கும் இவ தாண்டக் கூடாது." அழுதாலும் சரி, அடம் பிடித்தாலும் சரி, கிடையாது. அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றுகொண்டு நடுவர் வேலையை எடுத்துக்கொண்டாள். திடலில் சண்டை வந்தால் பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து ஜன்னலைப் பார்ப்பார்கள். மேலேயிருந்து "அவுட்டு!" என்று தீர்ப்பு வரும். மறுபேச்சு இல்லை. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். விளையாட்டு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் அங்கேயே நிற்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்காது.

அக்கா மனு மேல் மனு எழுதினாள். மொத்தம் பதினொன்று. ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில் எழுதியது என்பதால் நாலு மனுவில் ஈரக் கறை உண்டு. நான் சங்க முத்திரை குத்தினேன். கடைசியில் சாலைத் துறையிலிருந்து பதில் வந்தது. புதன்கிழமை மாலை நாலிலிருந்து ஆறு வரை ஒரு அதிகாரி வேகம் அளக்கும் கருவியோடு வருவார். நூறு வண்டியில் குறைந்தது பதினைந்து வண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் வேகத்தடை உண்டு.

பதினைந்து என்ன, எழுபதே தாண்டும்! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் எல்லாம் இருந்தது. செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்தில் நான் மைக்கைப் பிடிக்கும் வரைக்கும்.

"நாளைக்கு அதிகாரி வர்றாங்க! நம்மளைப் பத்தி வெளியில என்ன பேசுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். யாரும் தாறுமாறா ஓட்டக் கூடாது. நம்ம மானம் போயிடக் கூடாது!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஏன் தட்ட மாட்டார்கள்? எங்கள் முகவரியைச் சொன்னால் வேலை கொடுப்பவர் முகம் மாறும். வாடகைக் கார் வாசலோடு திரும்பிவிடும். போலீஸ் வந்தால் தேடத்தான் வரும். கையில் நோட்டோடு ஒருவர் எங்களை அளக்க வருவது அதுதான் முதல் தடவை. நல்ல பெயர் வாங்க வேண்டாமா?

புதன்கிழமை நாலு மணி. அதிகாரி அம்மா கருவியைத் திடலின் ஓரத்தில் நிறுத்தினார். வண்டிகள் வரத் தொடங்கின. ஆகா, என்ன ஒழுங்கு! ஆமை பின்னால் வந்திருந்தால் ஹாரன் அடித்திருக்கும். பள்ளி வேன்காரர் சிக்னல் விளக்கு போட்டார்; அவர் வண்டியில் அது இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஒருவன் பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டே போய் அதிகாரிக்கு வணக்கம் வேறு வைத்தான். எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வெளியாட்களும் வேறு வழியில்லாமல் ஊர்ந்தார்கள். கருவியில் பதினெட்டு, இருபத்தொன்று, பதினாறு.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜைப் பக்கம் போனேன். "பாத்தியா அக்கா, நம்ம ஆளுங்க ஒழுங்கை!"

அவள் கையில் பெட்டி அப்படியே நின்றது. "ஒழுங்கா? எல்லாரும் இப்படிப் போனா தடை எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? மூளையைக் கழட்டித் தண்ணி கேன்ல போட்டு மூடிட்டீங்களா, அண்ணே?"

எனக்கு உச்சந்தலையில் யாரோ ஓங்கிக் குட்டியது போல இருந்தது. ஐயோ, ஆமாம்!

அக்கா பெட்டியை அணைத்தாள், மொபெட்டை உதைத்தாள், குடியிருப்பு வாசலில் இருக்கும் வண்டி நிறுத்தத்துக்குப் பறந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். "வழக்கம் போல ஓட்டுங்கப்பா! தினமும் எப்படிப் போவீங்களோ அப்படி!" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள்.

"ஆபீசர் முன்னாடியா? எங்களை என்னன்னு நினைச்சே அக்கா? செயலாளரே சொல்லிட்டாரே!" என்றார் பள்ளி வேன்காரர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

மணி ஐந்து ஐம்பது. அதிகாரியிடம் இன்னும் ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்கலாம் என்று அக்கா வந்த வேகத்தில் திரும்பினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அதிகாரி கருவியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"மொத்தம் நூத்திப் பன்னெண்டு வண்டி. நாப்பதைத் தாண்டினது ஒண்ணே ஒண்ணு. நாப்பத்தேழு."

"அப்பாடா, ஒருத்தனாவது இருக்கானே! யாரும்மா அது?" என்று அக்கா ஆவலாகக் கேட்டாள்.

"நீங்கதான்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வெட்கம் கெட்ட நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மொபெட்டைப் பார்த்தாள். மேலே ஜன்னலைப் பார்த்தாள். "தினமும் துணி மூட்டையோட இப்படித்தான் போறேன் போல. யாரோ ஒருத்தனைத் தேடிட்டே இருந்தேன். நானும்தான்" என்று மெல்லச் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

அதிகாரி அம்மா தயங்கினார். மறுபடி அளக்க வேண்டுமானால் வரிசைப்படி ஒரு வருஷம் ஆகும் என்றார். ஒரு வழி இருக்கிறது. குடியிருப்பவர்களே அவரவர் வண்டி எண்ணையும் வழக்கமாகப் போகும் வேகத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், மேலதிகாரியிடம் காட்டி உடனே அனுமதி வாங்கலாம். "ஆனா ஒரு நகல் போலீசுக்கும் போகும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள வேணும்."

போலீஸ் என்றதும் பாதிக் கூட்டம் கலைந்தது. அக்கா மேஜையைத் துடைத்தாள், வெள்ளைத் தாளை விரித்தாள், முதல் வரியில் மொபெட் எண்ணையும் நாற்பத்தேழையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் இரண்டாவது. கேன் வண்டி, ஐம்பது. மூன்றாவதாக யாரும் வரவில்லை.

"பொய் சொல்லிக் காப்பாத்துற மானம் எனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "எம்பொண்ணு அந்தப் பக்கம் போகணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போடறவங்க போடுங்க."

பள்ளி வேன்காரர் செருமிக்கொண்டே வந்தார். "ஐம்பத்திரண்டு. பிள்ளைங்க இல்லாதப்ப மட்டும்." அவர் போட்டதும் அணை உடைந்தது. வரிசை படி தாண்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் போட்டியே வந்துவிட்டது. "எனக்கு அறுபது போடுங்க!" "உன் வண்டியா? தள்ளினாத்தான் நகரும், நாப்பதே அதிகம்!" எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காகிதம் என்றாலே ஓடுகிற எங்கள் ஜனம், தன் குற்றத்தைத் தானே எழுத அடித்துக்கொண்டு நின்றது!

நாற்பத்தோராவது ஆள் ஐந்தாம் பிளாக் பார்சல்காரர், பைக்கில் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவர். வீட்டில் இரண்டு பிள்ளைகள் உண்டு. வாராவாரம் அவருடைய சீருடை இந்த மேஜைக்குத்தான் வரும். பேனாவை வாங்கியவர் அதை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு வண்டி எண், அதன் பக்கத்தில் ஒரு வரி. அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'அன்று பாப்பாவை இடித்தது என் வண்டிதான்.'

அக்காவின் கை பெட்டியின் பிடியில் இருந்தது. கையெழுத்துக்கு நடுவே துணி தேய்க்க அவள் மறுபடி போட்டிருந்த பெட்டி அது, சூடாக இருந்தது. நான் சத்தியமாகப் பயந்துவிட்டேன். வரிசை இரண்டடி பின்வாங்கியது.

"வேகம் எவ்வளவுன்னு எழுதல" என்றாள் அக்கா.

அவர் எழுதினார். ஐம்பத்தைந்து. எண் கோணல்மாணலாக விழுந்தது.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அக்கா..." என்று ஆரம்பித்தவரைக் கைகாட்டி நிறுத்தினாள். "எங்கிட்ட சொல்லாத. மூணாவது மாடி. அவகிட்ட போய்ச் சொல்லு."

அவர் படியேறினார். செயலாளர் என்ற முறையில் நானும் ஏறினேன். அந்தப் பெண் ஜன்னலிலிருந்து திரும்பினாள். அவர் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்புறம் ஏன் நிக்காம போனீங்க?"

"பயந்துட்டேன் பாப்பா."

"நானும்தான் பயந்தேன். ஆனா என்னால எங்கேயும் போக முடியலையே."

அவர் விக்கி விக்கி அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மறுநாள் காலை அவரே போலீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்தார், நான் கூடப் போனேன். அக்கா புகாரைத் திரும்பப் பெறவில்லை. பெறச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வழக்கு நடக்கிறது.

எங்கள் தாளைப் பார்த்த மேலதிகாரி, வரிசைக்குக் காத்திருக்காமல் உடனே சரிபார்க்கச் சொல்லிவிட்டாராம். அதிகாரி அம்மா சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு தடவை வந்து அளந்தார். நூற்றுக்கு முப்பத்தெட்டு வண்டி நாற்பதைத் தாண்டியது. கையெழுத்துப் போட்ட பத்தொன்பதாம் நாள் தார் வண்டி வந்தது. மாலைக்குள் மேடு போட்டு, கோடும் அடித்துவிட்டார்கள். பன்னிரண்டு பிளாக் ஜன்னலிலும் தலைகள். அந்தப் பெண் தனியாகப் படியிறங்கி வந்தாள். இடமும் வலமும் பார்த்தாள். வந்த வண்டிகள் மேட்டுக்கு முன்னால் வேகம் குறைந்து நின்றன. நடுவில் போய் மேட்டின்மேல் இரண்டு தடவை குதித்துப் பார்த்தாள். குடியிருப்பே கத்தியது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, யாரோ அவளை அவுட் என்று சொல்ல, அவள் சண்டைக்கு நின்றுவிட்டாள்.

அக்கா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் குனிந்தாள். பதினாலு வருஷத் தொழிலில் அவள் கருக்கிய முதல் துணி அது. சட்டை என்னுடையது. முதுகில் பெட்டியின் வடிவம் அப்படியே பதிந்திருக்கிறது. இப்போதெல்லாம் சங்கக் கூட்டத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.