பாட்டுக்காரரைக் காணாமல் போக்கிய வயர்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை செய்யும் அம்மாவுக்குப் 'பத்தவைப்பு' என்று பெயர். பெயரைக் கேட்டால் இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள் என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. யாரைப் பற்றியும் ஒரு கோள் சொல்லி நான் கேட்டதில்லை. சால்டரிங் கருவியும் ஈயக் கம்பியுமாக ஹெட்போன் வயர்களைப் பற்றவைப்பதுதான் அவருடைய பைத்தியம். கடையில் நான் முன்னறையில் கண் பரிசோதிக்கிறேன். அவர் பின்னறையில் உடைந்த ஃபிரேம்களுக்குக் காலும் மூக்கும் பொருத்துகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் வீட்டுக் கதையை எனக்குச் சொல்வார். அதனால்தான் இவ்வளவும் தெரியும்.

ஆரம்பம் சாதாரணமானது. அவருடைய ஹெட்போன் வயர், பிளேயரில் செருகுகிற ஜாக்குக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி ஒருநாள் செத்துப்போனது. ஜாக்கை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருகிப் பிடித்தால் பாடும், விட்டால் நிற்கும். கொஞ்ச நாள் திருகிப் பார்த்தார். பிறகு பொறுமை போய் வயரை நறுக்கினார். உள்ளே தலைமுடி மாதிரி சிவப்பு, பச்சை, செம்பு நிற இழைகள். ஈயத்தை எவ்வளவு வைத்தாலும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த நிறமே ஒரு மேல்பூச்சு, அதைச் சுட்டுப் போக்கினால்தான் ஈயம் பிடிக்கும் என்பது விரலைச் சுட்டுக்கொண்ட பிறகே விளங்கியது. அவர் வைத்த முதல் ஒட்டு சுண்டைக்காய் அளவுக்கு இருந்ததாம். ஆனாலும் பாடியது. அன்றைக்குப் பிடித்த பிசாசு இன்னும் இறங்கவில்லை.

முதலில், சமையலறையில் நின்றபடியே ஹாலில் இருக்கும் பிளேயரைக் கேட்கலாம் என்று வயரை நீட்டினார். அது இரண்டு கதவுகளைத் தாண்டிப் போனது. துவைத்த துணியோடு வாளியைத் தூக்கிவந்த கணவர் அதில் தடுக்கிக் குப்புற விழுந்தார்.

"என்னங்க! வயரு அறுந்துடுச்சா?" என்று ஓடிவந்தார் பத்தவைப்பு.

அடுத்து ஒரு குட்டை வயர் செய்தார். அதை மாட்டிக்கொண்டு தலை நிமிர்ந்தால் பிளேயர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். பிறகு பின்னல் பைத்தியம் வந்தது. நாலு இழைப் பின்னல், எட்டு இழைப் பின்னல் என்று வீட்டுக் கதவுக் கைப்பிடிகளிலெல்லாம் தொங்கின. வாடகை பேச வந்த வீட்டுக்காரம்மா அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சவுரி வியாபாரம் ஆரம்பிச்சிட்டியா? சொல்லவே இல்ல!" என்றார்.

கணவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் கற்றுக்குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்திருந்த பழக்கத்தில், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேச வாய்ப்பும் இல்லை. ஏனென்றால் அவருக்கு ஓர் அக்கா உண்டு.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் குரல் போகவில்லை. எதையும் இரண்டு முறை சொல்வார். சாயங்காலம் ஆனால் தம்பிக்குப் போன் வரும்.

"தம்பி, கவனி. இன்னிக்கு எனக்கு முட்டி வலி. திரும்பச் சொல்றேன், முட்டி வலி. வலது முட்டி."

முட்டியில் புறப்பட்டால் அந்த வண்டி கழுத்து வரை எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். தம்பி நடுவில் ஒரு வார்த்தை சொன்னால், "குறுக்க பேசாத" என்று சிவப்பு விளக்கு விழும்.

பாவம், மனுஷன் பாட்டாவது நிம்மதியாகக் கேட்கட்டும் என்று பத்தவைப்பு அவருக்கென்று ஒரு வயர் செய்தார். எட்டு இழைப் பின்னல், தங்கப் பூச்சு ஜாக். ஹெட்போனின் கிண்ணத்தில் துளை போட்டு, வயரைக் கழற்றி மாட்ட ஒரு குட்டி சாக்கெட்கூட வைத்தார். தன் கையால் செய்ததிலேயே இதுதான் உச்சம் என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். உண்மையிலேயே அழகுதான்.

கணவர் மாட்டிக்கொண்டு தன் போனில் பாட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் கண் மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"வயலின் வருது. மேளம் வருது. பாடறவரு எங்க?"

"என்னது?"

"பாடறவரைக் காணோம். எங்கயோ கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி லேசா கேக்குது."

பத்தவைப்புக்கு முகம் செத்துவிட்டது. இந்த வயரில் இடது காதுக்கு ஒரு வழி, வலது காதுக்கு ஒரு வழி, இரண்டிலும் போனது திரும்பி வரப் பொதுவாக ஒரு வழி. ஜாக்கின் மூடியை இறுக்கும்போது அந்தப் பொது வழியின் ஒட்டு விட்டுப்போயிருந்தது. அது விட்டால், இரண்டு காதுக்கும் ஒன்றுபோல் வருகிற சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும். பாடுகிறவர் குரலைப் பெரும்பாலும் நட்டநடுவில்தான் வைப்பார்கள். அதனால் முதல் பலி அவர்தான்.

"கழட்டிக் குடுங்க, இப்பவே ஒட்டிடறேன்" என்று கையை நீட்டினார்.

அதற்குள் போன் அடித்தது. அக்கா. கணவர் ஹெட்போனைக் கழற்றாமலே எடுத்தார். அடுத்த நிமிடம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதாம். போனில் பேசுகிற குரல் இரண்டு காதுக்கும் அச்சாக ஒன்றுபோலத்தானே வரும்? அக்கா அடியோடு காணாமல் போய்விட்டார். பூரண அமைதி. பேச்சை வாங்குகிற மைக் போனிலேயே இருந்ததால் இவர் சொல்வது மட்டும் அங்கே போனது.

"ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரிக்கா" என்றார். வெகுநேரம் கழித்துத் திரையில் அழைப்பு முடிந்தது.

"இன்னிக்குத்தான் நீ குறுக்க பேசாம கேட்ட. மனசு நெறைஞ்சிடுச்சு. திரும்பச் சொல்றேன், மனசு நெறைஞ்சிடுச்சு" என்று அக்கா அனுப்பியிருந்தார். எழுத்திலும் இரண்டு முறைதான்.

அதற்குப் பிறகு கணவர் அந்த வயரைத் தொடவே விடவில்லை. சாயங்காலம் ஆனால் மாட்டிக்கொண்டு உட்காருவார். "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே நகம் வெட்டுவார், குட்டித் தூக்கமும் போடுவார். வலது கால் தரையை அழுத்துவதுகூட நின்றுவிட்டது. ஆனால் பத்தவைப்புக்கு நெஞ்சில் முள். "என் கையால செஞ்சது இப்படிக் கோளாறோட ஊர்ல நடமாடுதே!" என்று என்னிடம் புலம்பினார். ஒருநாள் கணவர் குளிக்கப் போன சமயம் பார்த்து, ஜாக்கைத் திறந்து ஒட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போல மாட்டிக்கொண்டு, வழக்கம்போல "ம்" என்றார். உடனே நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"...அப்ப ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்துடறேன். திரும்பச் சொல்றேன், ஞாயித்துக்கிழமை."

"எங்க வர்றக்கா?"

"உன் வீட்டுக்குத்தான்! எங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும், முடியற வரைக்கும் அங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன், சரின்ன. வண்டி ஓட்டக் கத்துக் குடுப்பியான்னேன், சரின்ன. அந்த மீசை உனக்கு நல்லா இல்ல, எடுத்துடுன்னேன். அதுக்கும் சரின்ன. எடுத்துட்டியா?"

கணவர் மனைவியைப் பார்த்தார். "சரி பண்ணிட்டியா?"

"ஆமாங்க. அந்தப் பொது வழிதான்..."

"பண்ணதுதான் பண்ண, முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதா?"

உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாததால் மீசை போயிற்று. மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் ஒரு மாணவி காரில் ஏறி, அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சார் எப்ப வருவாரு?" என்று கேட்டாளாம்.

அக்கா சொன்னபடி வந்தார். காரிலும் அவர் அறிவிப்பாளர்தான். "தயவுசெய்து கவனிக்கவும், இடது பக்கம் திரும்பப் போறேன். திரும்பச் சொல்றேன், இடது பக்கம்..." இரண்டாவது அறிவிப்பு முடிவதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும். தம்பி தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துச் செருப்பே தேய்ந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கெஞ்சினார்: "மா, அந்த வயரைப் பழையபடி கெடுத்துக் குடு."

"நல்லா இருக்கிறதை என் கையால கெடுக்கறதா? முடியாதுங்க."

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. வயரின் நடுவில் பட்டாணி அளவு ஸ்விட்ச் வைத்தார். மேலே தள்ளினால் பொது வழி சேரும். கீழே தள்ளினால் பிரியும்.

தம்பி வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், அக்கா அந்த ஹெட்போனை எடுத்து மாட்டிப் பாட்டைப் போட்டார். ஸ்விட்ச் கீழே இருந்தது. வயலின் வந்தது, மேளம் வந்தது, பாடுகிறவர் வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு, வராதவருக்குப் பதிலாகத் தானே பாட ஆரம்பித்தார். எட்டு நடைமேடைகளுக்கு எட்டிய குரல். கீழ்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. பத்தவைப்பு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அக்காவின் கண்கள் பளபளத்தன.

"இத்தனை வருஷமா எந்த வண்டி லேட்டுன்னுதான் சொல்லிட்டிருந்தேன்மா. பாடணும்னு ஒரு ஆசை இருந்தது. யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

ஆனால் அக்கா லேசுப்பட்டவர் இல்லை. ஸ்விட்சை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வயரைத் தன் போனில் மாட்டி, பத்தவைப்பைப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடச் சொன்னார். சாயங்காலம் தம்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது எதிரில் வந்து நின்றார்.

"அப்ப நான் இத்தனை நாளா யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

தம்பி தலை குனிந்தார்.

"திரும்பக் கேக்கறேன். யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

"மன்னிச்சுடுக்கா. நாளெல்லாம் வண்டில கத்திக் கத்தி... காது கொஞ்சம் சும்மா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வாயைத் திறந்து சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனேடா. சரி, தண்டனை. நான் லைசென்ஸ் வாங்கற வரைக்கும் நீ மீசை வைக்கக் கூடாது."

முதல் தேர்வில் அவர் தோற்றார். இரண்டாவதில், அறிவிப்பே செய்யாமல் திரும்பித் தேறினார். பெயின்ட் காய்ந்த வீட்டுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போனார். இப்போதும் போன் செய்கிறார். ஆனால், "பாடற நேரம் வந்துடுச்சு, வெச்சிடறேன்" என்று சீக்கிரமே முடித்துவிடுகிறார். தம்பிக்கு அதில் சின்ன வருத்தம்கூட உண்டு.

அக்கா சும்மா இருப்பாரா? தன் பழைய சிநேகிதர்களிடமெல்லாம் அந்த வயரைப் பற்றி ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவைத்தார். எல்லாரும் கேட்டு வர, பத்தவைப்பு மறுத்துப் பார்த்தார். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு கோளாறான வயர்களை அழகாகச் செய்துகொடுக்க ஆரம்பித்தார். வேண்டியவர்களுக்கு ஸ்விட்ச் இல்லாமலே.

போன வாரம் கனமான கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர், கடைக்குள் நுழைந்து கோபமாக ஒரு வயரை மேசைமேல் வைத்தார்.

"என்ன வேலைம்மா இது? பாடறவரு உள்ளயே இருக்காரு! நான் பாடினா அவரும் கூடவே பாடறாரு!"

பத்தவைப்பு ஜாக்கைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பொது வழியின் ஒட்டு முத்து மாதிரி, பளபளவென்று, ஒரு குறையும் சொல்ல முடியாமல் இருந்தது.

"மன்னிச்சுடுங்கய்யா, கைப்பழக்கம்" என்று சொல்லிவிட்டு, கத்தரியைக் கையில் எடுத்தார். அந்த ஒட்டை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம்தான் நறுக்கினார்.