சிரிக்கக் கூடாது என்று எடுத்த கேசட்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார்.
2. பங்குனித் திருவிழாவுக்கு அந்த வருடமும் வர முடியாது என்று தகவல் வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மழை பிடித்தால்தான் ஊர் திரும்பும்.
3. கூத்தில் கோமாளி வேஷம் கட்டும் மாமாவின் பாட்டைக் கேசட்டில் பிடித்து அப்பாவுக்கு அனுப்புவதென்று அம்மா முடிவு செய்தார்.
4. அப்பாவைச் சிரிக்க வைக்கும் பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா, ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் நிறைய அரிதாரம், காலில் சலங்கை. கேசட்டில் முகம் தெரியாதே என்றார் அம்மா.

“வேசங் கட்டாட்டி எனக்கு வாயே வராது அம்மிணி” என்றார் மாமா.

அம்மா மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னல்களைச் சாத்தினார், யாரும் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். சிங்கத்தை அடித்துக் கொன்றதாகக் கோமாளி பாடும் பாட்டு அது. பாடும்போது மாமாவின் முழங்கால்கள் இரண்டும் மோதிக்கொண்டு நடுங்கும். கூத்தில் ஊரே சிரிப்பது அதற்குத்தான். எடுத்ததைப் போட்டுக் கேட்டோம். கேசட்டில் முழங்கால் இல்லை. மாமா மெய்யாகவே சிங்கத்தைக் கொன்ற வீரராகியிருந்தார். அதுவும் இரங்கல் கூட்டத்தில் பாடுவதுபோல் இழுத்திருந்தார்.

“இப்படி உம்முனு உக்காந்திருந்தா எனக்கே நெசமா நடுங்குதுங்க” என்று ஆர்மோனியக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இரண்டாம் முறை சிரிக்க அனுமதி கிடைத்தது. சிரிப்பில் பாட்டு மூழ்கிவிட்டது. மூன்றாம் முறை, கண்ணால் பார்ப்பதை நான் மைக்கருகில் சொல்வதாக ஏற்பாடு. மாமாவுக்குக் கால் நடுங்குது அப்பா என்று தொடங்கியவள், அதற்குமேல் முடியாமல் சிரித்தேன். அம்மாவும் சேர்ந்துகொண்டார். கொல்லையில் மாடு வேறு கத்தியது. மாமாவுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டதால், ரிக்குக்கு உதிரிபாகம் கொண்டுபோன டிரைவரிடம் அதையே கொடுத்தனுப்பினோம்.

சில வாரங்கள் கழித்து அப்பா போன் செய்தார். சிரிப்பு வந்ததா என்று கேட்டேன். அவர் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

“மாடு கத்துச்சே சாமி, கன்னு போட்டிருச்சா? உனக்கென்ன, சளி புடிச்சிருக்குதா?”

தினமும் வேலை முடிந்ததும் அந்தக் கேசட்டைத்தான் போட்டுக் கேட்பதாகவும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டு சரியாக விழவில்லை, அதனால்தான் பாவம், புரிகிறவரை திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஒலிப்பதிவுதான் என் தொழில். மாமா இன்னும் வேஷம் கட்டுகிறார். இந்தப் பங்குனியில் கூத்தை முழுதாகப் பதிவு செய்யப்போகிறேன். மாமாவின் முழங்காலுக்கு மட்டும் இதுவரை வழி தெரியவில்லை. சிரிப்பவர்களுக்கென்று முன்வரிசையில் தனியாக ஒரு மைக் வைக்கிறேன். ஊரோடு வந்துவிட்ட அப்பா, அதன் பக்கத்தில் உட்காரச் சம்மதித்திருக்கிறார்.