மடி கொடுத்தவர்

மணிவேல் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கமலவேணி அன்றைக்கே வேறு வழி பார்த்திருப்பாள்.

அரியலூரைச் சுற்றியிருக்கும் சிமெண்ட் ஆலைகளில் ஒன்றில், மூட்டை கட்டும் பிரிவில் பதினோரு வருஷம் அவள் வேலை பார்த்தாள். சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுகிற கான்ட்ராக்ட் வேலை. மணிவேல் அந்தக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். 2022 ஆவணியில் ஓடுகிற பெல்ட்டில் ஒரு பெண்ணின் கை சிக்கியது. விசாரிக்க வந்த அதிகாரி, பெல்ட்டுக்கு மூடி இருந்ததா என்று கேட்டார். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கமலவேணி, "கழட்டிப் போட்டு ரொம்ப மாசமாவுதுங்க சார்" என்றாள்.

ஆவணி முடிவதற்குள் கேட்டில் அவளுடைய பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே மணிவேல் வீடு தேடி வந்தார். "நீ என் தங்கச்சி மாதிரி. சூடு ஆறட்டும், நானே உன்ன உள்ள கொண்டாந்து விடுறேன். கேஸு கீஸுன்னு போயிடாத. அப்படியே போவணும்னாலும் சட்டத்துல மூணு வருஷம் டைம் இருக்கு. எங்க ஓடிப்போவுது?"

கமலவேணிக்கு உடன்பிறந்தான் இல்லை. மகள் அபிநயாவுக்குக் காது குத்தாமல் வருஷங்கள் தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? புருஷனோ கேரளத்தில் கட்டட வேலையில் கிடந்தான். இதைக் கேட்ட மணிவேல், "நான் இருக்கேன்ல?" என்றார். தை மாதம் குலதெய்வக் கோயிலில் பட்டுப்பாவாடை, தோடு, பழத்தட்டோடு வந்து நின்றார். பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து வீரிட்டு அழுதது. ஊரே மெச்சியது. அதற்குப் பிறகு யாராவது கேஸ் என்ற பேச்சை எடுத்தால், கமலவேணியே பதறினாள். "மடி குடுத்த மனுசரு மேல கோர்ட்டுக்குப் போவச் சொல்றியா? வெளங்குமா நம்ம குடும்பம்?"

வருஷம் ஓடியது. புது மேனேஜர் வரட்டும் என்றார் மணிவேல். அப்புறம் ஆலையில் சூளையை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள், அது முடியட்டும் என்றார். வரும்போதெல்லாம் பிள்ளைக்கு ஏதாவது வாங்கி வந்தார்.  

கமலவேணி பெரம்பலூருக்கு பஸ் ஏறி, சின்ன வெங்காய மண்டியில் காய்ந்த தாளை அறுத்துக் கழிவு பொறுக்கினாள். லோடு வந்தால் கூலி. வராவிட்டால் பஸ் காசும் நட்டம்.

மூன்றாவது வருஷம் ஆடி பிறந்ததும் மணிவேல் வந்தார். "என் மூத்த பொண்ணுக்கு ஆவணி மொத முகூர்த்தத்துல கல்யாணம். பத்திரிகை ஆடி கழிச்சுத்தான். உனக்கு மட்டும் முன்னாடியே வாயால சொல்லிட்டேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாளே உன் வேலை விசயம். அப்பவும் அவனுங்க ஒத்துக்கலன்னா, நானே உன்ன லேபர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆவணி கடைசிவரைக்கும்தான் டைம் இருக்கே?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் மண்டியில், கூட வேலை பார்க்கும் முத்தாயியிடம் பெருமையாகவே சொன்னாள். முத்தாயியின் மகள் சுகன்யா பெரம்பலூரில் வக்கீல். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் நின்று கேட்டாள்.

"ஆவணி கடைசிக்குள்ள எங்கக்கா போவீங்க?"

"லேபர் ஆபீசுக்குத்தான்."

"மூணு வருசம்ங்கிறது கோர்ட்டுல மனு போடுறதுக்கு. நேரா கோர்ட்டுக்குப் போவ முடியாது. மொதல்ல சமரச அதிகாரிகிட்ட மனு குடுக்கணும். குடுத்து நாப்பத்தஞ்சு நாள் ஆனாத்தான் கோர்ட்டுல போடலாம். ஆவணியில குடுத்தீங்கன்னா, கோர்ட்டுக்குப் போற அன்னிக்கு மூணு வருசம் தாண்டியிருக்கும். கதவு சாத்துனது சாத்துனதுதான்."

கமலவேணியின் கை வெங்காயக் குவியலில் நின்றது.

"பாவம், அந்த அண்ணனுக்கு இது தெரியாம இருக்கும்."

"யாரு அந்த அண்ணன்?"

பெயரைச் சொன்னாள்.  சுகன்யா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "சமரசப் பேச்சுக்குக் கான்ட்ராக்டர் சார்பா வந்து உக்காருறதே அவருதான்க்கா. எனக்கு எதிர் பெஞ்சுல எத்தனையோ வாட்டி பாத்திருக்கேன். இந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம்."

"அடப் பாவி!" என்றாள் முத்தாயி. "காது குத்துறேன்னு வந்து உனக்குல்ல மொட்ட போட்டுட்டான்!"

கமலவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப குடுத்தா?"

"இந்த வாரம் குடுத்தா தப்பிச்சோம்."

வெள்ளிக்கிழமை கொடுத்தாள். புருஷனிடம்கூட முன்னால் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும்போது, அன்று அவர் மடியில் குழந்தை அழுத அழுகை காதில் கேட்டது. தான்தான் துரோகம் செய்கிறோமோ என்று ஒரு கணம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். பிறகு போட்டு முடித்தாள்.

அடுத்த வாரம், விளக்கு வைக்கிற நேரத்தில் மணிவேலின் வண்டி வாசலில் நின்றது. கையில் எதுவும் இல்லை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"நோட்டீஸ் வந்துச்சு" என்றார்.

"ஆமாண்ணே. குடுத்துட்டேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானாத்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "கல்யாணத்துக்கு வந்துடு. அது வேற, இது வேற" என்றார். உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த அபிநயாவை எட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிற?"

அந்தப் பள்ளியில் அவளைச் சேர்க்கப் போனபோது கூட வந்து நின்றதே அவர்தான். குழந்தை திருதிருவென்று விழித்தபடி பள்ளியின் பெயரைச் சொன்னது.

"தனியாவா போயிட்டு வர?"

அபிநயா வாய் திறப்பதற்குள் கமலவேணி குறுக்கே வந்து நின்றாள். "நான் கொண்டுபோய் விட்டு, நானே கூட்டியாரேண்ணே."

"நல்லது" என்றார் மணிவேல். வண்டியைக் கிளப்பினார்.

அதுவரை பிள்ளை தனியாகத்தான் போய்வந்தது. மறுநாள் காலை கமலவேணி அதன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மண்டிக்குப் போகும் பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. அவள் கை காட்டவில்லை. முதல் விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.