தலை வெட்டும் கோடரி என்று எழுதியிருந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தெற்கு லண்டனில் பழம்பொருட்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் துப்புரவு வேலை செய்தேன். காலையில் அது, மாலையில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இன்னொரு ஷிப்ட். அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. கோலியர்ஸ் வுட்டில் இருந்த அறைக்குத் தூங்க மட்டும்தான் போவேன்.

என்னோடு இன்னும் இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவர் ஊரில் ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை. மற்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் நின்றபடியே தூங்கிவிழும் நாட்களில் என் பங்குத் தரையையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்.

ஒருநாள் யாரோ ஒருவர் சேகரித்து வைத்திருந்த ஆயுதங்கள் வந்து இறங்கின. ஈட்டிகள், மரக் கேடயங்கள், நான்கைந்து கோடரிகள். கோடரிக்கு ஒரு பக்கம் அகன்று வளைந்த அலகு, மறுபக்கம் கூரான முனை. 'பிலிப்பைன்ஸ், இகொரோட் மலைவாசிகள், தலை வெட்டும் கோடரி' என்று அட்டை கட்டியிருந்தது.

"இஞ்ச பார் தம்பி, இவவின்ர ஆக்கள் தலை வெட்டுறவையாம்" என்றார் அண்ணை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணிடம் போய், உங்கள் தாத்தா எத்தனை தலை வெட்டினார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் தரை துடைக்கும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கோடரியை எடுத்துக்கொண்டு சிமெந்துத் தரையில் உட்கார்ந்தார். கைப்பிடியைப் பாதத்தால் அழுத்தி, அலகை மேல்நோக்கி நிறுத்தினார். இல்லாத ஓர் இறைச்சித் துண்டை இரு கைகளாலும் பிடித்து, அலகின்மேல் இழுத்து இழுத்து வெட்டிக் காட்டினார். தானும் அந்த மலையில் பிறந்தவள்தான் என்றும், தன் கலியாணத்துக்கு அப்பா இப்படித்தான் பன்றி வெட்டினார் என்றும் சொன்னார்.

"அந்தக் காலத்தில் தலையும் வெட்டினார்கள், பொய்யில்லை. ஆனால் எல்லாரும் அதை மட்டும்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, கோடரியைத் துடைத்து வைத்துவிட்டு, மறுபடி தரையைத் துடைக்கத் தொடங்கினார்.

அண்ணை தலை குனிந்துகொண்டார். "பிழை விட்டிட்டம், தம்பி" என்றார்.

அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். அதற்கு முந்திய வாரம்தான் குரோய்டனில் அகதி விசாரணைக்குப் போய்வந்திருந்தேன். நான் ஊரில் கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதியவன். அதைச் சொல்லச் சொல்ல, எதிரில் இருந்த அதிகாரி இயக்கத்தில் எந்தத் துவக்கால் சுட்டாய் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் ரயிலில், மனிதரை இப்படியும் பார்ப்பார்களா என்று பொருமியவன் நான்தான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, வாளியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும், ஒருவர் தன் ஊரைச் சொன்னதும் அந்த ஊரைப் பற்றி நான் எங்கோ கேள்விப்பட்டது வாய்வரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிக்கொண்டு அவர் பேசும்வரை பொறுத்திருக்க அந்தப் பெண்தான் எனக்குக் கற்றுத் தந்தார்.