முப்பத்திரண்டு பைட்டுக்குள் அடங்காத பெயர்

எங்கள் அலுவலகத்தில் அந்த அக்காவுக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். நாங்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்து அவர் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகாது. இங்கே வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நோயாளிகளின் பெயர்களைத் தட்டச்சு செய்தவர். இங்கே ஒப்பந்த வேலை. இது நடந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பு மேனேஜர் கையில்.

ஆஸ்பத்திரிகளுக்கான பதிவு மென்பொருள் வெளியாக வேண்டிய நாள். அக்கா தன் அப்பா பெயரைத் தமிழில் முழுசாக அடித்தார். மென்பொருள் விழுந்து, திரை படாரென்று மூடிக்கொண்டது.

"என் மடிக்கணினியில ஓடுதே அக்கா," என்றேன்.

"அப்ப ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் உன் மடிக்கணினியையே குடுத்து அனுப்பு."

அவர் முன்னால் இருந்தது வரவேற்பு மேசைகளில் கிடக்கும் பழைய ரகக் கணினி, இயங்குதளமே வேறு.

மேனேஜர் வந்தார். "இங்கிலீஷ்ல அடிச்சா விழலையே. 'ஆங்கிலம் மட்டும்'னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம். கையெழுத்துப் போடும்மா. உன் நீட்டிப்புத் தாளும் என் மேசையிலதான் இருக்கு."

"காய்ச்சலோட வர்றவர் தன் பேரை மாத்திக்கணும், நாம நிரல்ல ஒரு வரியை மாத்த மாட்டோம். நல்லா இருக்கு சார் நியாயம்! போட மாட்டேன்."

நான் தேட உட்கார்ந்தேன். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். என் நிரலில் தப்பு என்றால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அடுத்தவர்கள் எழுதியதையெல்லாம் அலசிவிட்டுக் கடைசியில் பார்த்தால், வரி என்னுடையது. பெயரை முப்பத்திரண்டு பைட்டோடு வெட்டச் சொல்லியிருந்தேன். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும். நம் 'க'வுக்கே மூன்று வேண்டும். முப்பத்திரண்டாவதில் கத்தி ஓர் எழுத்தின் நடுவே இறங்கியது. என் கணினி அந்தத் துண்டைக் கேள்விக்குறியாக்கிச் சமாளித்தது. பழையது அப்படியே விழுந்தது. அப்பா பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியே பழகிய நாங்கள் யாரும் நீளப் பெயரை அடித்துப் பார்த்ததில்லை.

"தப்பு என்னோடதுதான் சார். அக்கா சொன்னது சரி," என்றேன், எல்லோர் முன்னாலும். மேனேஜர் பார்த்த பார்வையில் என் பெயரும் ஏதோ ஒரு பட்டியலில் ஏறியிருக்கும். ஏறட்டும்.

வெட்டுவதையே எடுத்துவிட்டு, முழுப் பெயரும் உட்காரும்படி மாற்றினேன். அக்கா பழைய கணினியில் நாற்பது பெயர்களை அடித்தார். எதுவும் விழவில்லை. அதன் பிறகுதான் கையெழுத்து.

நீட்டிப்பு வரவில்லை. மாதக் கடைசியில் ஒரு படிவம் வந்தது. விலகும் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதச் சொன்னார் மேனேஜர்.

"அப்படி எனக்கு ஒண்ணும் இல்லையே சார்."

'நான் விலகவில்லை, அனுப்பினார்கள்' என்று அக்கா எழுதினார். சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. பேனாவை வாங்கி நான் கையெழுத்துப் போட்டேன்.