மூன்றாவது ராக்கரும் பிட்டரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர் வேலையைத் தன் தம்பிக்கு வாங்கிவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். அது எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் பிட்டர் வேலை தெரிந்த ஆள். அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அந்தப் பழைய காரின் இன்ஜினில் ஒரு நாள் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது. நுவரெலியா ஏற்றத்தில் அது கூடிக்கொண்டே போனது. பிட்டர் எனக்கு முந்தித் துரையிடம் போய், “கீழ பேரிங் போயிருச்சுங்க. இவன் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டித்தான் கெடுத்துட்டான்” என்று சொல்லிவிட்டார்.

இன்ஜினின் அடித்தண்டைத் தாங்கும் அந்த பேரிங் போனால் டிரைவர்தான் குற்றவாளி. வேலை போகும், வேலையோடு கராஜை ஒட்டிய வீடும் போகும். உங்கள் அம்மா அப்போது மாசமாக இருந்தாள். மூத்தவளே, நீதான் வயிற்றில் இருந்தாய்.

“இல்லைங்க துரை, சத்தம் மேலதான். ராக்கர் தேஞ்சிருக்குங்க” என்றேன்.

“மத்தியானம் நான் வரும். ரெண்டு பேரும் காட்டணும்” என்று சொல்லிவிட்டுத் துரை தேயிலை மலையைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

ராக்கர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். இன்ஜின் தலையில் ஒரு தண்டு படுத்திருக்கும். அதில் சின்னச் சின்ன இரும்புக் கைகள் வரிசையாகக் கோத்திருக்கும். நீங்கள் விளையாடும் ஏற்றப்பலகை போலத்தான். ஒரு முனையைக் கீழேயிருந்து கம்பி தூக்கும், மறுமுனை வால்வை அமுக்கும்.

மத்தியானம் மூடியைக் கழற்றினோம். பிட்டர் இடைவெளி அளக்கும் கேஜ் தகட்டை எடுத்து ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தாங்க இருக்கு துரை. சத்தம் கீழதான்.” என் பக்கம் திரும்பி, “என்னடா டிரைவரு, முழிக்கிற?” என்றார்.

“தகடு சரின்னுதான்ணே சொல்லும். முனையை விரலால தடவிப் பாருங்க” என்றேன்.

“எனக்கே பாடமா? நான் பேக்டரி இன்ஜினைப் பிரிக்கிற காலத்துல நீ மூக்கு ஒழுகிட்டு கொழுந்துக் கூடைக்குப் பின்னாடி ஓடிக்கிட்டு இருந்தே.”

அவர் தடவவில்லை. நான் மூன்றாவது ராக்கரின் முனையைத் தடவினேன். வால்வு அடித்து அடித்து அதில் குழி விழுந்திருந்தது. தட்டையான தகடு குழிக்கு மேல் பாலம் மாதிரி நின்றுவிடும். குழியின் ஆழம் அதற்குத் தெரியாது. பிறகு அந்த ராக்கரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது.

துரை நம்பாமல் நின்றார். இன்ஜினை மெதுவாக ஓட விட்டேன். சுத்தியல் கைப்பிடியால் ராக்கர்களை ஒவ்வொன்றாக வால்வுப் பக்கம் அழுத்திக்கொண்டே வந்தேன். முதலாவதில் சத்தம் மாறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பிட்டர் சிரித்தார். மூன்றாவதை அழுத்தினேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன், திரும்பவும் ‘டக் டக்’.

பிட்டரின் சிரிப்பும் நின்றது.

இன்ஜினை நிறுத்தித் தண்டை உருவினோம். ராக்கர் உட்காரும் இடத்தில் தண்டின் அடிப்பக்கம் நகம் தடுக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. எண்ணெய் வரும் துவாரத்தைக் கரி மாதிரி அழுக்கு அடைத்திருந்தது.

“என்ன எண்ணெய் ஊத்துறது?” என்று துரை கேட்டார்.

எங்கள் தோட்டத்தில் பேக்டரி இன்ஜின், லொறி, கார் எல்லாவற்றுக்கும் ஒரே பீப்பாய்தான். சாவி பிட்டர் இடுப்பில். அந்தக் கெட்டி எண்ணெய் பனிக்காலத்துக் காலையில் பாகு மாதிரி நிற்கும், மேலே ஏறாது. காருக்கு இளசான எண்ணெய் வேண்டும் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். “சீமைக்குப் போய் வாங்கிக்க” என்பார்.

“பேக்டரி பீப்பாய்தாங்க. வேற தர மாட்டேன்னாங்க” என்றேன்.

“போட்டுக் குடுக்கிறியாடா, நாயே!” என்று பிட்டர் பாய்ந்தார்.

துரை நடுவில் கையை நீட்டித் தடுத்தார். “டிரைவர் வேலையில இருக்கும். காருக்கு நுவரெலியாவுல எண்ணெய் வாங்கும். தண்டும் ராக்கர் புஷ்ஷும் நீ செய்யணும்” என்று பிட்டரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிட்டர் பேக்டரி கடைசல் மெஷினில் இரண்டையும் செய்துகொண்டு வந்தார். தண்டைச் சுவரில் சாய்த்தார். ராக்கரின் துளைக்குள் போகும் புஷ் வளையத்தைக் கையில் தராமல் என் காலடிச் சேற்றில் எறிந்தார்.

“பொறுக்கிக்க.”

பொறுக்கினேன். வேறென்ன செய்வது? மண்ணெண்ணெயில் கழுவி, ராக்கர் முனையின் குழியையும் சாணைக்கல்லில் தேய்த்துச் சமனாக்கி மாட்டினேன். மயிரிழை கூட ஆட்டமில்லை.

“நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே” என்றேன், மனதார.

“உன் சர்டிபிகேட் எவனுக்குடா வேணும்? என் தம்பி இன்னும் புல்லு வெட்டிக்கிட்டுத்தான் திரியிறான்” என்று காறித் துப்பிவிட்டு நடந்தார்.

மூத்தவளே, நீ அந்த கராஜ் வீட்டில்தான் பிறந்தாய். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து எல்லாரும் வந்து பார்த்தார்கள். பத்தடி தள்ளியிருந்த பிட்டர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.