அப்பா விடாத முத்திரை

சோழபுரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட நினைவு மலர்களில் இறந்தவரைச் சாந்த சொரூபி என்று எழுதுவது வழக்கம். அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம். அடி வாங்கிய எனக்கும் தம்பிக்கும் அது நன்றாகத் தெரியும்.

ராஜபாளையத்தில் வாடகைக் கட்டடம் ஒன்றில், வேட்டி, துண்டுகளைத் தபாலில் அனுப்பும் தொழிலை அப்பா நடத்தினார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்து ஆர்டர் வரும். பார்சலைத் துணியில் தைத்து, அரக்கு உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரை குத்துவார்கள். முத்திரையைப் பார்த்துத்தான் ஜனங்கள் பார்சலையே வாங்குவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் கட்டடக்காரர் வாடகையைத் தாறுமாறாக ஏற்றினார். வாடகை குறைவென்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற முடிவானது. புது இடத்தில் பால் காய்ச்ச அம்மா எங்களோடு முன்னால் போய்விட்டார்கள். அப்பாவும் தாய்மாமாவும் சாமான்களை வேனில் ஏற்றினார்கள். அதோடு கிளம்பாமல், அப்பா அரக்கு அடுப்பை மறுபடி பற்றவைத்தார்கள்.

"அங்க போயி குத்திக்கிடலாம் மச்சான்" என்றார் மாமா.

"கல்யாணத்துக்குக் கேட்டிருக்காக மாப்ள. இன்னைக்குப் போட்டாத்தான் போய்ச் சேரும். செத்த நேரம் இரு."

அதற்குள் கட்டடக்காரரின் மைத்துனர் ஆட்களோடு வந்துவிட்டார். அவருக்கு அந்தத் தொழில் மேலேயே கண்.

"ஏலே, நீ போ. பேரும் முத்திரையும் இங்கனயே இருக்கட்டும்."

அரக்கு ஒட்டியிருந்த சூடான முத்திரையை அப்பா வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்கள். இடது கையால் முதலில் அடித்ததும் அப்பாதான். மைத்துனரின் பல் தெறித்தது. மறைக்க என்ன இருக்கிறது? பிறகு அப்பாவைக் கீழே தள்ளி, மூடிய கையை வாசற்படியில் வைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். தடுக்கப்போன மாமாவின் மண்டை உடைந்தது. பார்சல்களைக் கத்தியால் கிழித்துச் சாக்கடையில் எறிந்தார்கள். வேன் ஓட்டுநர் ஜாக்கி லிவரோடு இறங்கிய பிறகுதான் ஓடினார்கள். அதுவரை கை திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல்களைப் பிரித்தபோது முத்திரையோடு தோலும் வந்தது. சேதி கேட்டு ஓடிவந்து, முத்திரையை வாங்கிக் கழுவி, வேனிலிருந்து வேறு வேட்டிகள் எடுத்துத் தைத்து, கல்யாணப் பார்சலுக்கு அன்றைக்கே முத்திரை குத்தினார்கள் அம்மா. அப்பாவின் விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். எங்களை அடிக்க இடது கையைப் பழக்கிக்கொண்டார்கள்.

அந்த ஓட்டுநர் அண்ணாச்சிக்கும், பழைய முகவரிக்கு வந்த ஆர்டர்களை வேறு யாரிடமும் கொடுக்காமல் எங்களுக்கே திருப்பிவிட்ட தபால்காரருக்கும், கடைசி நாட்களில் அப்பாவைத் தூக்கிச் சுமந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும், அந்த விரல்களை நீட்டிவைக்கத் தம்பி பலமாக இழுத்தான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டார்கள்.

"விடுலே. அம்புட்டுப் பேரு அடிச்சே திறக்கல."